இரண்டு பேர் பின்னும் போர்வை

மார்கழி, தை மாதங்களில் மூணாறில் விடியும்போது சில நாள் புல் வெள்ளையாக இருக்கும். அது உறைபனி. தேயிலைக் கொழுந்தைக்கூடக் கருக்கிவிடும். மூணாறு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேவிகுளம், குண்டளை, செண்டுவாரை, வட்டவடை ஆகியவை அதைவிட உயரம். சில இரவுகளில் குளிர் பூஜ்யம் டிகிரி வரை இறங்கும்.

குழந்தை ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. சில நாளில் லயத்துக்கு வருகிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, கதவு இடுக்கில் வரும் காற்று. பத்து மாதம் தாயின் வயிற்றில் கதகதப்பாக இருந்த உடம்பு அது. அதற்கு என்ன போர்த்துவது?

வீட்டில் கம்பளி இருக்கும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் கம்பளிக்கு ஓர் இடமே இருந்தது. மழையிலும் குளிரிலும் வேலை செய்பவர்களுக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்று அதன் 17-ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அது பெரியவர்களுக்கான கம்பளி. முரடாக இருக்கும். கனமாக இருக்கும். பிறந்த குழந்தையின் தோலுக்கு ஒத்துவராது.

மெல்லிய உல்லன் நூலில் கையால் ஒரு சின்னப் போர்வை பின்னலாம். இரண்டு ஊசி போதும். எந்திரம் வேண்டாம். மின்சாரம் வேண்டாம்.

யார் பின்னுவது?

பின்னல் என்றாலே பெண் வேலை என்று நினைப்பது வழக்கம். கொழுந்து எடுக்கும் பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் சமையல். பிறகு சரிவில் நின்று கொழுந்து எடுப்பது. மாலையில் தண்ணீர், விறகு, மறுபடியும் சமையல். வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. அவள் கையில் இரண்டு ஊசியைக் கொடுத்து, "இதையும் செய்" என்றால் அது இன்னொரு சுமைதான்.

குழந்தை இரண்டு பேருக்கும் உரியது. போர்வையையும் இரண்டு பேரும் பின்னலாம்.

கணவனும் மனைவியும் ஒரே துணிக்காக உழைப்பது நம் பக்கத்தில் புதிது இல்லை. கைத்தறி நெசவாளர் வீட்டில் கணவன் தறியில் உட்காருவார். மனைவி தார் சுற்றிக் கொடுப்பார். இரண்டு பேரின் கையும் சேர்ந்தால்தான் ஒரு சேலை இறங்கும்.

ஆண்கள் பின்னுவதும் புதிது இல்லை. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு இருக்கிறது. அங்கே டிட்டிகாகா ஏரியில் டாகிலே என்று ஒரு தீவு. மூணாறைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம். கடுங்குளிர். அந்தத் தீவில் ஆண்கள்தான் ஊசியால் பின்னுகிறார்கள். சிறுவர்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். தங்கள் குல்லாவைத் தாங்களே பின்னிப் போட்டுக்கொள்கிறார்கள். பெண்கள் தறியில் நெய்கிறார்கள். இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2005-ஆம் ஆண்டில் உலகின் சிறந்த மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைக்குப் பின்னல் ஊசி கனமாக இருக்காது.

வேட்டியும் பனியனும்

வேட்டியைப் பிடித்து இழுத்தால் நீளாது. பனியனை இழுத்தால் நீளும். விட்டால் பழையபடி சுருங்கும். ஏன்?

வேட்டி நெய்த துணி. பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது. ஊடை நூல் குறுக்கே ஓடுகிறது. இரண்டும் நேராக, இறுக்கமாக நிற்கின்றன. பனியன் பின்னிய துணி. அதில் நூல் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு கண்ணி. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்திருக்கும். இழுத்தால் கண்ணி நீளும். விட்டால் சுருங்கும்.

திருப்பூரில் எந்திரம் செய்வதும் இதே வேலைதான். 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் எந்திரத்தை உண்டாக்கினார். அதற்கு முன்பு எல்லாம் கைப்பின்னல்தான்.

கண்ணிகளுக்கு நடுவில் காற்று தங்கி நிற்கும். அசையாமல் நிற்கும் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. கனம் குறைந்த பின்னல் போர்வை கதகதப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நூலும் ஊசியும்

கடையில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கிடைப்பதெல்லாம் ஆட்டு உரோமம் ஆகாது. பெரும்பாலும் அது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். லேபிளைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். எழுத்துத் தெரிந்ததன் பலன் இங்கே உடனே தெரியும்.

லேபிள் இல்லையா? ஒரு சிறு துண்டு நூலை வீட்டுக்கு வெளியே, கவனமாகக் கொளுத்திப் பார்க்கலாம். உரோம நூல் தலைமுடி கருகுவது போல நாறும். சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகி, கறுத்த கெட்டி உருண்டையாக நிற்கும்.

இரண்டிலும் நன்மை உண்டு. அக்ரிலிக் விலை குறைவு, துவைக்க எளிது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். உரோமம் எளிதில் தீப்பிடிக்காது. கொஞ்சம் ஈரமானாலும் சூடு காக்கும். ஆனால் வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். அடுப்புப் பக்கத்தில் புழங்கும் வீட்டுக்கு உரோம நூல் நல்லது. எந்த நூலானாலும் கன்னத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். அரித்தால் அது குழந்தைக்கு வேண்டாம்.

மெல்லிய உரோமம் தரும் ஆடுகள் நமக்குத் தொலைவில் இல்லை. வட்டவடைக்குக் கிழக்கே, கொடைக்கானல் மலையில் மன்னவனூர் இருக்கிறது. மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் அங்கே 1965-இல் தொடங்கியது. பாரத் மெரினோ என்ற மெல்லுரோம ஆட்டை அங்கே வளர்க்கிறார்கள்.

நடுத்தரத் தடிப்பு நூல் 300 முதல் 400 கிராம் வரை வேண்டும். ஊசி 8-ஆம் எண். இந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. எண் கூடினால் ஊசி மெலியும். 8-ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர் தடிப்பு. 7-ஆம் எண் அதைவிடத் தடிப்பு. ஆளுக்கு ஒரு சோடி ஊசி வாங்க வேண்டும்.

பின்ன உட்காரும் முன் கையைக் கழுவ வேண்டும். கொழுந்துக் கறை வெளிர் நூலில் ஒட்டினால் போகாது. வெடித்த விரலில் நூல் மாட்டி மாட்டி இழுக்கும். முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் விரல் வழவழப்பாகும்.

ஒரு சதுரம்

பெரிய போர்வையை ஒரே துண்டாகப் பின்னத் தொடங்கினால் புதியவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். சின்னச் சதுரங்களாகப் பின்னி இணைப்பது நல்லது. ஒரு சதுரம் 15 சென்டிமீட்டர். நீளத்தில் 5, அகலத்தில் 5 என்று 25 சதுரம் சேர்ந்தால் 75 சென்டிமீட்டர் போர்வை கிடைக்கும்.

முதலில் ஓர் ஊசியில் சுருக்கு முடிச்சுப் போட வேண்டும். அது முதல் கண்ணி. பிறகு நூலை விரலில் சுற்றி வளையமாக்கி ஊசியில் ஏற்றி மெல்ல இழுக்க வேண்டும். இப்படி 30 கண்ணி ஏற்ற வேண்டும்.

கண்ணி உள்ள ஊசி இடக்கையில். வெறும் ஊசி வலக்கையில். வலது ஊசியின் முனை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழைய வேண்டும். நூலை அந்த முனையில் ஒருமுறை சுற்ற வேண்டும். சுற்றிய நூலைக் கண்ணி வழியே முன்னால் இழுக்க வேண்டும். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிட வேண்டும். நுழை, சுற்று, இழு, கழற்று. இந்த நான்கு சொல்லையும் ஒருவர் சொல்ல, மற்றவர் பின்னினால் ஒரு மாலைக்குள் கை பழகிவிடும்.

30 கண்ணியும் வலது ஊசிக்கு வந்துவிட்டால் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றி, மறுபடியும் அதே வேலை. வேறு பின்னல் எதுவும் கற்க வேண்டியதில்லை. இப்படிப் பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். வயல் வரப்புப் போல இருக்கும். வரிசையை எண்ணத் தேவையில்லை, வரப்பை எண்ணினால் போதும். 30 கண்ணி, 30 வரப்பு. மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தால் ஓரங்கள் பொருந்த வேண்டும். பொருந்தினால் சதுரம் சரி.

முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை இரண்டாவதின் மேலாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். மறுபடி ஒன்று பின்னி, மறுபடி தூக்கிக் கழற்ற வேண்டும். கடைசி ஒரு கண்ணியில் நூலை வெட்டி, உள்ளே கோர்த்து இழுத்தால் இறுகிக்கொள்ளும்.

அடிக்கடி எண்ணிப் பார்ப்பது முக்கியம். இதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

"ஏம்மா, எண்ணிப் பாரு. எனக்கு இருபத்தொம்பதுதான் வருது."

"இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது. ஆமாங்க, ஒண்ணு நழுவிருச்சு. அந்தா, கீழே தொங்குது பாருங்க."

"எப்ப நழுவுச்சுன்னே தெரியலையே."

"டி.வி.யைப் பாத்துக்கிட்டே பின்னினா எப்படித் தெரியும்?"

நழுவிய கண்ணியை அப்படியே விட்டால் அது கீழே கீழே அவிழ்ந்துகொண்டே போகும். தலைமுடி ஊசியால் அதைப் பிடித்து, வரிசை வரிசையாக மேலே ஏற்றிவிடலாம். 31 வந்தால் எங்கோ நூல் தப்பாகச் சுற்றியிருக்கிறது. அங்கே ஓட்டை விழும். குழந்தையின் விரல் அதில் மாட்டும். அந்த வரிசையை அவிழ்த்துத் திரும்பப் பின்ன வேண்டும்.

எத்தனை நாள் ஆகும்? ஒரு சதுரத்தில் 60 வரிசை. வரிசைக்கு 30 கண்ணி. மொத்தம் 1800 கண்ணி. புதியவர் நிமிடத்துக்கு 15 கண்ணி பின்னுவதாக வைத்துக்கொண்டால் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம். 25 சதுரத்துக்கு 50 மணி நேரம். ஒருவர் தினமும் அரை மணி பின்னினால் 100 நாள். இருவரும் பின்னினால் சுமார் 50 நாள்.

இரண்டு கை, இரண்டு இறுக்கம்

ஒருவர் இறுக்கிப் பின்னுவார். மற்றவர் தளர்த்திப் பின்னுவார். இதில் சரி, தப்பு இல்லை. ஆனால் அதே 30 கண்ணியில் ஒருவரின் சதுரம் 13 சென்டிமீட்டராகவும் மற்றவருடையது 16 ஆகவும் வந்தால் இணைக்க முடியாது. அதனால் முதலில் ஆளுக்கு ஒரு சதுரம் பின்னி அளந்து பார்க்க வேண்டும். இறுக்கிப் பின்னுபவர் தடித்த ஊசிக்கு மாறலாம். 8-க்குப் பதில் 7. தளர்த்திப் பின்னுபவர் 9-க்குப் போகலாம். கையை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதைவிட ஊசியை மாற்றுவது எளிது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது பல குடும்பங்களில் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மனைவி போடிக்கோ, கம்பத்துக்கோ, திருநெல்வேலிப் பக்கமோ போய்விடுகிறார். கணவர் தோட்டத்தில் இருக்கிறார். சேர்ந்து பின்னுவது என்றால் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும் என்பதில்லை. அவர் லயத்தில் 12 சதுரம் பின்னட்டும். அவள் தாய் வீட்டில் 13 பின்னட்டும். அளவு முதலிலேயே ஒத்துப் பார்த்திருந்தால், இரண்டு ஊரில் பின்னினாலும் பொருந்தும். போனில் பேசும்போது "இன்னிக்கு எத்தனை வரப்பு?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல பிள்ளைகளைப் பறிகொடுத்த காலத்து அச்சம் அது. வீட்டில் அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. சதுரம் சதுரமாகவே பெட்டியில் இருக்கட்டும். அது இன்னும் போர்வை ஆகவில்லை. குழந்தை பிறந்த பிறகு, மொட்டை முனை ஊசியால் ஓரங்களைச் சேர்த்து இணைத்துவிடலாம். சில மாலை வேலைதான். அந்த வேலையைக் கணவர் செய்யலாம். அப்போது மனைவியின் கையில் குழந்தை இருக்கும்.

குஞ்சம், மணி, பொத்தான் எதுவும் வைக்க வேண்டாம். பிய்ந்தால் குழந்தையின் வாய்க்குப் போகும். நூல் முனைகளைப் பின்னலுக்குள் நன்றாகக் கோர்த்து மறைக்க வேண்டும்.

போர்வைக்கு முன்னால்

போர்வை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது சூடு கொடுக்காது. இருக்கும் சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். குளிர்ந்துபோன குழந்தையைப் போர்வையில் சுற்றி வைத்தால் அது குளிர்ந்தபடியே இருக்கும். சூடு வேறு உடம்பிலிருந்து வர வேண்டும்.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பிறந்ததும் ஈரத்தைத் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து, மேலே போர்த்த வேண்டும். தலைக்குக் குல்லா வேண்டும். குழந்தையின் உடம்பு அளவோடு ஒப்பிட்டால் தலை பெரிது. சூடு அந்த வழியாக நிறையப் போகும். குளிப்பாட்டுவதைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு வழி கண்டார். ஆஸ்பத்திரியில் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதவில்லை. எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தார். கங்காரு குட்டியைப் பையில் வைத்துக்கொள்வதைப் போல. அதற்குக் கங்காரு முறைப் பராமரிப்பு என்று பெயர் வந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மிகவும் எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததும் உடனே இப்படி அணைத்த பிரிவில் 28 நாளுக்குள் 100-க்கு 12 குழந்தைகள் இறந்தன. உடல்நிலை தேறட்டும் என்று காத்திருந்து அணைத்த பிரிவில் 100-க்கு ஏறக்குறைய 16.

அப்பாவின் மார்பும் இதே சூட்டைத் தரும். தாய் தூங்கும்போது, சாப்பிடும்போது, அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம். அதன் முதுகுக்கு மேலே, தான் பின்னிய போர்வை. பீடி, சிகரெட் குடித்துவிட்டு மட்டும் குழந்தையைத் தூக்கக் கூடாது.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று புறங்கையால் பார்க்கலாம். பாதமும் வயிறும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் சில்லென்று, வயிறு மட்டும் சூடாக இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைத்துப் பால் கொடுக்க வேண்டும். இரண்டும் சில்லென்று இருந்து, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அது ஆபத்து. அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

குழந்தையைப் போர்த்தும்போது முகத்தை மூடக் கூடாது. போர்வை நெஞ்சுக்கு மேல் ஏறக் கூடாது. தூங்கப் போடும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தளர்ந்த போர்வை நழுவி மூக்கை அடைக்கும். ஆகவே யாரும் விழித்திராத நேரத்தில் சட்டை, குல்லா, காலுறை போதும். போர்வை தூக்கி வைத்திருக்கும்போதும் வெளியே எடுத்துப் போகும்போதும் உதவும். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதும் தப்பு. இடுப்பு மூட்டு விலகிப்போகலாம். கால் தவளைக் கால் போல மடங்கி அசைய இடம் வேண்டும்.

குளிருக்கு அறைக்குள் கரி நெருப்பு வைத்துக் கதவைச் சாத்துவது சில வீடுகளில் நடக்கிறது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

மலைக்குக் கீழே

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ஆனால் வெயில் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழியில் பலத்த காற்று வீசும். பங்குனி, சித்திரையில் கொதிக்கும். மூணாற்றில் பேத்தி பிறந்தாள் என்றால் உல்லன் போர்வை சரி. கொழிஞ்சாம்பாறைப் பேரனுக்கு அதே போர்வையைச் சித்திரையில் சுற்றினால் உடம்பு கொதிக்கும். வெப்பம் 37.5 டிகிரிக்கு மேல் போவதும் கேடுதான். குழந்தையின் பிடரி வியர்த்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். அந்த ஊருக்குப் பருத்தி நூலில் இதே சதுரங்களைப் பின்னலாம். அதே மாவட்டத்தில் நெல்லியாம்பதி மலைத் தோட்டங்களுக்கு உல்லன் வேண்டும்.

துவைக்கும்போது குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிய வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் கண்ணி நீண்டு போர்வை உருமாறிவிடும். பாயில் விரித்து நிழலில் காய வைக்க வேண்டும். மூணாற்று மழைக்காலத்தில் காய இரண்டு, மூன்று நாள் ஆகும். ஆகையால் நூல் மிஞ்சினால் இன்னொரு குல்லா பின்னி வைப்பது நல்லது.

பயிற்சி

1. ஒரு சதுரம் 15 செ.மீ. போர்வை 75 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் வேண்டும். எத்தனை சதுரம் தேவை?

2. மனைவி 8 சதுரம் முடித்துவிட்டார். கணவர் 7 முடித்துவிட்டார். மொத்தம் 25 வேண்டும். ஒரு சதுரத்துக்கு 2 மணி நேரம் என்றால் மீதிக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?

3. வீட்டில் உள்ள ஸ்வெட்டர் அல்லது கம்பளியின் லேபிளில் என்ன நூல் என்று எழுதியிருக்கிறது? பார்த்து எழுதுக.

4. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிறந்த குழந்தையை எதில் சுற்றி வைத்தார்கள்? கேட்டு ஐந்து வரி எழுதுக.